அறுத்த விளிம்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே அம்மா, நான், வீட்டுக்காரி, மகள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. உன் கால் எப்படி இருக்கிறது? புதுச் செயற்கைப் பாதம் உரசுகிறது என்று போன முறை எழுதியிருந்தாய். பஞ்சு வைத்துப் பார்த்தாயா?

ஒரு விஷயம். வேறு யார் மூலமாவது உன் காதில் விழுந்தால் வருத்தப்படுவாய் என்று நானே எழுதிவிடுகிறேன். பின்கொட்டகையில் கிடந்த அப்பாவின் சின்ன டிராக்டரை வெளியே இழுத்துவிட்டேன். ஆமாம், அதேதான். ஆலை மைதானத்தில் அப்பா புல்வெட்டிய வண்டி. ஆலைக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியபோது அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தியதோடு சரி. அதற்கப்புறம் அது கோழிக்கும் எலிக்கும் வீடாக இருந்தது.

எல்லாம் பல் பிடுங்கப் போன இடத்தில் ஆரம்பித்தது. பல் டாக்டரின் சுவர் முழுக்கப் பழைய தோட்ட டிராக்டர்களின் படம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, “எங்க வீட்டிலயும் ஒண்ணு கிடக்கு” என்றேன். மனிதர் பல்லை அம்போ என்று விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். இவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள் அக்கா. பல் டாக்டர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் (இவர் கை வைத்த வண்டியெல்லாம் புகைவதால் பெயர் ‘புகை’), அப்புறம் ஒரு ஓவிய டீச்சர். டீச்சர் வீட்டிலேயே மூன்று வண்டி நிற்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் முற்றத்தில் ஒரே கொண்டாட்டம்.

வருஷத்துக்கு ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். வண்டி எவ்வளவுக்கெவ்வளவு பழையபடியே இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு மதிப்பெண். அதனால் ஒன்று கேட்க வேண்டும். துருவிலும் அழுக்கிலும் நிறமே தெரியவில்லை. அப்பா ஓட்டிய நாளில் அதன் நிறம் என்ன? எனக்கு அப்போது ஐந்து வயது, நினைவே இல்லை. உனக்கு ஒன்பது. நீதான் சொல்ல வேண்டும்.

உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் அம்மா சிரித்துவிட்டாள். “அவகிட்ட எதுக்குடா கேக்கிற? வண்டி அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு. இவதானே மூடியத் தூக்கிட்டுக் காலை விட்டா” என்றாள். அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அன்புத் தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்தகத்தில் ஆள் குறைவு, அதனால்தான் தாமதம். நான் சுகம். பாதம் பரவாயில்லை. மழை வரும் நாளில் இல்லாத விரல்கள் குடையும், அது பழகிப்போனது. அம்மாவின் இருமலுக்கு இத்துடன் எழுதியிருக்கும் மருந்தை இரவில் மட்டும் கொடு.

வண்டி முதலில் கரும்பச்சை. ஆலைக்கு வரும்போதே அந்த நிறம்தான். பிறகு அப்பா மஞ்சள் அடித்தார். ஆலை வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த பெயின்ட். அத்தை கல்யாணம் நடந்த வாரம் அது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு எனக்குச் சிவப்புச் செருப்பு வாங்கித் தந்தார்கள். வலது செருப்பின் வாரில் மஞ்சள் துளி பட்டுவிட்டது என்று அழுதேன். அப்பா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

இருக்கை கறுப்பு. ஸ்டியரிங்கில் ஒரு கம்பி வளைந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் கயிற்றின் நுனியில் மரக்குச்சி கட்டியிருக்கும்.

வேறு என்ன தெரிய வேண்டுமோ கேள்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

உன் ஞாபகசக்திக்குக் கோயில் கட்டலாம். மரக்குச்சியைத் தவிர எல்லாம் அப்படியே இருக்கிறது. கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினேன். “உங்க அக்கா நம்ம கூட்டத்துக்கு வரவேண்டியவங்க சார்” என்றார் புகை.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் மருந்து கைமேல் பலன்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்தோம். கார்புரேட்டரின் பொடி ஓட்டைகளை டாக்டர் தன் பல் குத்தும் கருவியாலேயே சுத்தம் செய்தார். “இதுக்குச் சொத்தைப் பல்லே தேவலை” என்று அலுத்துக்கொண்டார். ஊசி ஒன்று போடுங்கள் என்றேன். எல்லோரும் சிரிசிரி என்று சிரித்தோம். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது தெரியுமா? அலுவலகத்தில் என்னை நிமிர்ந்து பார்க்கிறவர் இல்லை. இங்கே நான் சொன்னால் நாலு பேர் காது கொடுக்கிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வண்டிக்கு அடியில் புல்வெட்டும் பிளேடு சுற்றுமே, அதை மூடியிருக்கும் தகட்டில் வலது பக்கம் காணோம். கழன்று விழவில்லை, ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். முதலில் துருப்பிடித்து உடைந்தது என்றுதான் நினைத்தோம். டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “இது அறுத்தது. மஞ்சள் பெயின்ட் அறுத்த விளிம்பு மேலயே வழிஞ்சிருக்கு பாருங்க. அறுத்த பிறகுதான் மஞ்சள் அடிச்சிருக்காங்க” என்றார். ஈரப்புல் அடைத்துக்கொள்கிறது என்று அப்பா அறுத்திருப்பார். ஈரப்புல் வெட்டுகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டாம்.

கண்காட்சியில் மூடி இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். அதன் பழைய வடிவம் உனக்கு நினைவிருந்தால் ஒரு படம் வரைந்து அனுப்பேன்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 25

தம்பி,

சுகம். உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே எழுதுகிறேன்.

நீ எழுதியதை நீ திரும்பப் படித்துப் பார்த்தாயா?

மஞ்சள் அடித்தது அத்தை கல்யாண வாரம். அப்போது எனக்கு இரண்டு பாதமும் இருந்தது. என் கால் போனது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். மஞ்சள் அடிக்கும் முன்பே அந்தப் பக்கம் அறுக்கப்பட்டிருந்தால், நான் எந்த மூடியைத் தூக்கினேன்?

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். அப்பா எச்சரித்தும் கேட்காமல், ஓடுகிற வண்டியின் மூடியைத் தூக்கி, நான் காலை விட்டேன். எனக்கு நினைவிருப்பது வேறு. அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டு போனேன். பக்கத்திலேயே நடந்தேன். புல் ஈரமாக இருந்தது. வழுக்கியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் சொல்லச் சொல்ல, மூடியின் சூடு என் கையில் பட்டது போலவே கனவு வர ஆரம்பித்தது. நான்தான் தூக்கினேன் என்று நானே நம்பிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

டீச்சரிடம் மறுபடியும் கேள். உறுதியாகத் தெரியுமா என்று கேள். நான் வந்து என் கண்ணால் பார்க்கும் வரை அந்த விளிம்பைத் தொடாதே. தேய்க்காதே, பெயின்ட் அடிக்காதே. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா


மே 3

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் தணிக்கை, மகளுக்குப் பரீட்சை, எனக்கு நாலு நாள் காய்ச்சல். மூன்றும் சேர்ந்து வந்தன.

எஞ்சின் ஓடிவிட்டது அக்கா! கயிற்றைப் புகைதான் இழுத்தார். முதலில் இருமியது, அப்புறம் துப்பியது, அப்புறம் டப டப என்று பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் ஏறிப் பார்த்தார். டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அம்மாகூட வாசற்படி வரை வந்து, “அவரே வந்து நிக்கிற மாதிரி இருக்குடா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு மூன்று முறை படித்தேன். டீச்சர் உறுதியாகத்தான் சொல்கிறார். ஆனால் டீச்சரும் மனுஷிதானே, தப்பாகப் பார்த்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வேண்டுமென்றா செய்தார்? இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம்? அம்மாவிடம் இதைச் சொன்னால் இந்த வயதில் தாங்குவாளா?

நீ எப்போதும் பெரிய மனசு உள்ளவள். கண்காட்சி ஜூன் கடைசியில். அதற்கு முன் ஒரு நடை வந்து போ.

உன் அன்புத் தம்பி


மே 8

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். உன் காய்ச்சல் விட்டுவிட்டதா?

என்ன லாபம் என்று கேட்டாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு வந்த மறுநாள் அப்பா ஒரு ஆலை அதிகாரியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, “அய்யாகிட்ட சொல்லும்மா. மூடியத் தூக்கினது நீதானே? அப்பா வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன் இல்ல?” என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் அழுகையை நிறுத்த வேண்டும் என்று ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த மனிதர் என் கன்னத்தைத் தட்டி, “குறும்புக்காரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அம்மா அதையேதான் சொன்னாள். “பிறவிக் குறை இல்லைங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டா, தானாப் போய்க் காலை விட்டுக்கிட்டா.” வந்தவர்கள் காலைக் கூட மன்னித்திருப்பார்கள். சொன்ன பேச்சு கேட்காத பெண்ணை யார் எடுப்பார்கள்? நான் அதற்காக அழவில்லை. என் சம்பாத்தியம், என் வீடு, என் சாவி என்று இருந்துவிட்டேன். ஆனால் அம்மாவுக்காவது தெரிய வேண்டும். ஒரே ஒரு முறை, “நீ செய்யலடி” என்று அவள் வாயால் கேட்க வேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும்.

நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மே 30 அன்று வருகிறேன். அம்மாவின் கையைப் பிடித்து அந்த விளிம்பில் வைத்துக் காட்டப் போகிறேன். அதுவரை அது அப்படியே இருக்கட்டும். இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

அக்கா


மே 22

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். கோபப்படாமல் முழுவதும் படி.

கண்காட்சியை முன்னால் தள்ளிவிட்டார்கள். மே 30, 31. மைதானம் ஜூனில் வேறு யாருக்கோ போய்விட்டதாம். எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, மணல் அடித்து, பழைய பெயின்ட் எல்லாவற்றையும் உரித்து எடுத்தாகிவிட்டது. மூடிக்கு டாக்டரிடம் இருந்த வேறொரு வண்டியின் தகட்டை வெட்டி ஒட்டவைத்தோம். வெல்டிங் செய்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு நயமான வேலை. மேலே கரும்பச்சை அடித்தாயிற்று. படம் வைத்திருக்கிறேன், பார். தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது போல இல்லை?

உன் கடிதம் வந்தபோது வண்டி பட்டறையில் இருந்தது. என்ன செய்ய முடியும் சொல்.

30 அன்று நேரே மைதானத்துக்கே வந்துவிடு. அம்மாவையும் அழைத்துப் போகிறோம். குடும்பமாக ஒரு நாள் இருப்போம். எல்லாம் சரியாகிவிடும்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 4

தம்பி,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அன்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். நீ பரிசுக்காரர்களோடு நின்றிருந்தாய். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். நீ பார்க்காததும் இதில் இருக்கிறது.

மைதானத்து வாசலிலேயே ஓவிய டீச்சர் என்னைக் கண்டுகொண்டார். என் நடையை வைத்துத்தான் கண்டுகொண்டிருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த விளிம்ப மட்டும் விட்டுடலாம்னு நான் எவ்வளவோ சொன்னேங்க. அந்தக் கஷ்டமெல்லாம் கண்ணுல படக்கூடாது, அழிச்சுடுங்கன்னு நீங்களே எழுதினதா உங்க தம்பி சொன்னாரு. சரி, உங்க மனசு அப்படின்னா…” என்றார்.

“எப்ப சொன்னான்?” என்று கேட்டேன்.

“பட்டறைக்கு அனுப்பின அன்னிக்குத்தான். உங்க லெட்டர கையிலயே வெச்சிருந்தாரு.”

வண்டி பட்டறைக்குப் போகும் முன்பே என் கடிதம் உன் கைக்கு வந்திருக்கிறது. டீச்சரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண்மணி. அவர் ஏன் வருத்தப்பட வேண்டும்?

வண்டிக்கு முன்னால் நீ வைத்திருந்த பலகையைப் படித்தேன். ‘இந்த வண்டியின் கதை’ என்று அழகான எழுத்தில் போட்டிருந்தாய். ‘வீட்டின் குறும்புக்காரச் சிறுமி ஓடும் வண்டியின் மூடியைத் தூக்கியதால் பாதத்தை இழந்தாள். மனமுடைந்தபோதும் தந்தை இந்த வண்டியைக் கைவிடவில்லை.’ என் பக்கத்தில் நின்று படித்த ஒரு அம்மா, “பாவம் அந்த அப்பா” என்றார்.

அப்புறம் நீ மைக்கில் பேசினாய். அப்பாவின் உழைப்பைச் சொன்னாய், நண்பர்களுக்கு நன்றி சொன்னாய். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் உன் முகம் ஒரு நொடி மாறியது. நீ நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். “இதோ, அந்தக் குறும்புக்காரி இங்கயே இருக்காங்க, எங்க அக்கா! கை தட்டுங்க!” என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். என் முகத்தைப் பார்த்துத் தட்டியவர்கள் குறைவு. காலைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

நானும் சிரித்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். விளிம்பு இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமில்லை. வாயால்தான் சொன்னேன். மஞ்சள் பெயின்ட், அத்தை கல்யாணம், அறுத்த தகடு எல்லாம் சொன்னேன். அவள் தாங்கமாட்டாள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? நானும் பயந்துகொண்டேதான் சொன்னேன்.

அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். “இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தியா?” என்றாள்.

“அம்மா, நான் மூடியத் தூக்கலம்மா. மூடியே இல்லம்மா.”

“எனக்குத் தெரியாதா? அவர் அறுக்கும்போது தகட்ட ஆடாமப் பிடிச்சுக்கிட்டது யாரு? நான்தான்.”

“அப்ப ஏம்மா…” என்றேன்.

“ஏன்னா? நீ தூக்கினதுல மூடி பிஞ்சுடுச்சுன்னு ஆலையில சொன்னோம். அறுத்தது தெரிஞ்சா அவர நிக்க வெச்சிருப்பானா? வேலை போயிருந்தா குடியிருப்பும் போயிருக்கும். எல்லாரும் தெருவுல நின்னிருப்போம். உனக்குப் போனது ஒரு கால்தானே. அதுவும் பாதிக் கால்.”

“நீ செய்யலடின்னு வீட்டுக்குள்ளயாவது சொல்லியிருக்கலாமே. கதவச் சாத்திட்டு, எங்கிட்ட மட்டும்.”

“சின்னப் பிள்ளை வாய்ல நிக்குமா? வெளியில உளறிட்டா? அப்புறம் நீ பெரியவளாயிட்ட. அதுவே உனக்குப் பழகிப்போச்சு. பழகினத எதுக்குக் கலைக்கணும்?” என்றாள். பிறகு கையிலிருந்த காலி டம்ளரை நீட்டி, “வெயிலு தாங்கல. இன்னும் கொஞ்சம் ஜூஸ் வாங்கிட்டு வா” என்றாள்.

வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். அப்புறம் நான் பஸ் ஏறினேன்.

படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? நான் எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அன்று மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது. இரண்டாம் பரிசு கிடைத்தது. அதைப் பற்றி எழுத இப்போது மனசில்லை.

அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ஆனால் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும், பிடித்துத்தான் உட்கார வைக்க வேண்டும். வீட்டுக்காரி வேலைக்குப் போகிறவள். மகள் விடுதிக்குப் போய்விட்டாள். வைத்த ஆள் ஒரு வாரத்தில் ஓடிவிட்டது. அம்மாவின் வாய் உனக்குத் தெரியும்.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அம்மா உன்னிடம் வருகிறேன் என்கிறாள். நான் தயங்கினேன். “அவ வெச்சுப் பாப்பாடா. அவ கோபமெல்லாம் ஒரு வேளைச் சோறு வரைக்கும்தான். நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?” என்கிறாள். உன் வீடு தரைத்தளம். மருந்து மாத்திரை எல்லாம் உனக்குக் கைவந்த வேலை. வேறு வழி இருந்தால் கேட்கமாட்டேன்.

நீ முடியாது என்று சொன்னாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 3

தம்பி,

சுகம்.

அம்மாவை அனுப்பு. மருத்துவச் சீட்டுகளையும் எக்ஸ்ரேயையும் மறக்காமல் கொடுத்துவிடு. கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். விடியற்காலை வண்டியில் ஏற்றாதே, அவளுக்குக் குளிர் ஆகாது.

அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பெரிய மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்? வீட்டுக்காரியும் அதையேதான் சொல்கிறாள். நாங்கள் நிம்மதியாகத் தூங்குவது இப்போதுதான்.

டிராக்டரைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். புகை வந்து வந்து கேட்கிறார், அடுத்த கண்காட்சி எப்போது என்று. டீச்சர் வருவதில்லை. பலகையில் எழுதியது நிஜமா என்று ஒருநாள் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். அவருக்குப் புரிந்துவிட்டது போல. அதோடு அவர் நின்றுவிட்டார்.

உன் பக்கத்து வீட்டம்மா போன வாரம் எங்களை இங்கே கடைத்தெருவில் பார்த்தார். இந்த ஊரில் இருக்கும் தன் மகளைப் பார்க்க வந்திருக்கிறாராம். “உங்க அம்மா எந்நேரமும் ஜன்னலோரமே உக்காந்திருக்காங்க. தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசப் பாக்கறாங்க” என்றார். உடம்பு மோசமாகிவிட்டதா? புத்தி பேதலித்துவிட்டதா? மறைக்காமல் எழுது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வரட்டுமா?

உன் அன்புத் தம்பி


அக்டோபர் 16

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அம்மாவும் சுகம். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. எலும்பு நன்றாகச் சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். இவ்வளவு சுத்தமாக ஒரு நோயாளியை வைத்திருப்பவர்கள் அபூர்வம் என்று பாராட்டினார். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மிகத் தெளிவாகவே இருக்கிறாள்.

நான் அவளிடம் பேசுவதில்லை. அவ்வளவுதான்.

வந்த அன்று கட்டிலில் படுக்கவைத்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. குளிப்பாட்டுகிறேன், தலை வாருகிறேன், ஊட்டுகிறேன், நகம் வெட்டுகிறேன். முகம் சுளிப்பதில்லை. கை ஓங்குவதில்லை. முதலில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை, தன் பாட்டுக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கோபித்தாள். தட்டைத் தள்ளிவிட்டாள். துடைத்துவிட்டு வேறு தட்டு கொண்டு வந்தேன். பிறகு அப்பாவின் கதைகளை ஆரம்பித்தாள், என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் ஜன்னல் ஒன்றுதான் அவளுக்குத் துணை. போன வாரம் பக்கத்து வீட்டம்மா வெளியூர் போனதிலிருந்து ஜன்னலுக்கும் யாரும் வருவதில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. நல்ல பெண். தேடித்தான் அமர்த்தினேன்.

நேற்று மாத்திரை கொடுக்கும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் பிடியில் பலம் இருக்கிறது. “என்னடி வேணும் உனக்கு? நீ செய்யலடி. போதுமா? நீ செய்யல, நீ செய்யல. நாங்கதான் செஞ்சோம். ஏதாவது பேசுடி. திட்டவாவது திட்டுடி” என்று அழுதாள்.

நான் கேட்க நினைத்த வார்த்தை அதுதான். அவள் வாயால், அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டாள். எனக்கு ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தண்ணீரைக் குடிக்க வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ வந்தால் அவளுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்துவிடும். அதனால் வராதே.

குளிர்காலம் தொடங்குகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா